பெஞ்சுக்கு அடியில் பதினோரு ஜோடி

டாஹோ மலைப் பக்கம் பனிச்சறுக்குக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் உச்சியிலிருந்து தெரியும் நீல ஏரியைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். நான் ஆறு வருஷம் போயிருக்கிறேன். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அடிவாரத்துக் கஃபட்டீரியாவில் ஜன்னலோரமாக ஒரு பெஞ்சு, அதற்கடியில் வரிசையாக எங்கள் ஷூக்கள், பெஞ்சின் மேல் தன் மகனுடைய பழைய கறுப்பு ஜாக்கெட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கும் ஆன்ட்டி.

போனவர்களுக்குத் தெரியும், வாடகைக்குத் தரும் ஸ்கீ பூட்ஸ் சிமெண்ட் தொட்டிக்குள் காலை விட்ட மாதிரி கனக்கும். அதை மாட்டுவதற்கு முன்னால் சொந்த ஷூவை எங்கேயாவது கழற்றி வைத்தாக வேண்டும். லாக்கர் இருக்கிறது. ஆனால் ஆன்ட்டி இருக்கும்போது லாக்கர் எதற்கு என்பது எங்கள் கூட்டத்தின் நியாயம். எல்லோரும் ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டுத் தட்டுத்தடுமாறி வெளியே போவோம். ஆன்ட்டி குனிந்து ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைப்பார். லேஸை உள்ளே செருகுவார். அப்புறம் உதடு மட்டும் அசைய எண்ணுவார். சாயங்காலம் நாங்கள் ஒவ்வொருவராக வந்து ஷூவை மாற்ற மாற்ற அந்தக் கணக்கு இறங்கும். பெஞ்சுக்கடி காலியான பிறகுதான் அவர் எழுந்திருப்பார். அவர் மட்டும் ஷூவைக் கழற்றியதே இல்லை. பனியில் இறங்கியதும் இல்லை.

ஷூ என்று அவர் சொல்லவே மாட்டார். பூட்ஸ், ஷூ, சாண்டல் எல்லாமே அவருக்குச் செருப்புதான்.

எங்கள் ஊரான பிளசன்டனில், ஆன்ட்டி தான் குடியிருந்த அபார்ட்மெண்டிலேயே டேகேர் நடத்திவந்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கணவர் தவறி வெகுகாலம் ஆகியிருந்தது. மகன் டெக்சாஸில். என் மகள் ஒன்றரை வயதிலிருந்து அவரிடம்தான் வளர்ந்தாள். எங்களோடு மலைக்கு வரும் குமார் வீட்டு இரண்டு பிள்ளைகளும், ஜெரால்டு வீட்டுப் பையனும் அப்படித்தான். அவர் வீட்டு வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள் வரிசையாக இருக்கும். சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருப்பவர் நடுவில் கரண்டியோடு வந்து அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். பிள்ளைகளைப் பார்க்காமல் செருப்பை ஏன் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆளுகளை எண்ணப்படாது கண்ணு, ஆகாது. செருப்ப எண்ணிக்கலாம். அது ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆபீசில் நாள் முழுக்க எண்களோடு மாரடிக்கிறவள் நான். இப்படியும் ஒரு கணக்கா என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன்.

எல்லா நாளும் சிரிப்பாக இருந்ததில்லை. ஒருநாள் 580 நெடுஞ்சாலையில் விபத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். நான் போனபோது ஆன்ட்டி வாசல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே தூங்கிவிட்டாள். அவளுடைய ரோஸ் நிற ஷூ இரண்டும் ஆன்ட்டியின் மடியில். ஏன் லேட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வந்துட்டியா, சரி" என்று எழுந்து போனார். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. மடியில் ஷூவை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? தாய் வரவில்லை என்று ஊருக்குச் சொல்கிறாரா? அன்றைக்கு அது குத்திக்காட்டுவதாகத்தான் பட்டது. குற்றமுள்ள நெஞ்சு வேறு எப்படி நினைக்கும்.

லிவர்மோர் கோவிலுக்குப் போனாலும் இதே கதைதான். சாமி கும்பிட்டுவிட்டு நாங்கள் கேண்டீனில் இட்லிக்கு வரிசையில் நிற்போம். அவர் செருப்பு வைக்கும் இடத்தில் நின்றுகொண்டு, எங்கள் கூட்டத்தில் கடைசி ஆள் செருப்பை மாட்டும்வரை நகர மாட்டார். யாராவது தன்னை ஏற்றிக்கொண்டு போவதற்காகக் காத்திருக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதுவும் உண்மைதான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எப்போதும் எங்களில் யாராவது ஏற்றிக்கொள்வோம். யார் என்று முன்கூட்டிப் பேசிக்கொண்டதே கிடையாது.

மலைக்கு அவரை அழைத்துப்போக ஆரம்பித்தது பிள்ளைகளுக்காக. நாங்கள் சறுக்கும்போது கைக்குழந்தைகளை யார் பார்ப்பது? அவர் வந்தால் கூடவே புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஃபிளாஸ்க்கில் காபி எல்லாம் வந்துவிடும். அங்கே விற்கும் பர்கரைத் தின்னாமல் பிழைத்துக்கொள்ளலாம். பனியில் கைகால் விறைத்துப்போய் வந்து உட்கார்ந்தால், அந்தப் புளியோதரையின் ருசியை என்னவென்று சொல்வது.

எங்களுக்கு அவர்மேல் அன்பு உண்டு. அந்த அன்பில் எங்கள் சௌகரியம் எத்தனை பங்கு என்று அப்போது நாங்கள் பார்க்கவில்லை.

நான்காவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நின்ற பிறகும் பெஞ்சுக்கடியில் ஒரு ஜோடி மிச்சம். குமாருடையது. ஆன்ட்டி யாரிடமோ போய்ச் சொல்ல, மைக்கில் குமார் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். குமாரோ பக்கத்துக் கட்டிடத்தில் ஸ்கீ பூட்ஸோடு உட்கார்ந்து நிம்மதியாக ஹாட் சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தான். அடுத்த ஒரு வருஷத்துக்கு எந்த பர்த்டே பார்ட்டியிலும் அவனை விடவில்லை. அவன் தலையைக் கண்டாலே யாராவது மைக் பிடிப்பது போலக் கையை வைத்து அவன் பெயரை நீட்டி முழக்குவார்கள். ஆன்ட்டியும் கூடச் சிரிப்பார். சிரித்தாரே தவிர எண்ணுவதை விடவில்லை.

ஆறாவது வருஷம் கைக்குழந்தை யாரும் இல்லை. ஜெரால்டின் பையனுக்கே ஐந்து வயது, அவனையும் ஸ்கீ ஸ்கூலில் சேர்த்தாயிற்று. இந்தத் தடவை ஆன்ட்டி எதற்கு, பாவம், நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று என் கணவரிடம் கேட்டேன். அப்புறம் பையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்றார். அதற்கு மேல் நானும் பேசவில்லை. எங்கள் காரில்தான் வந்தார்.

அந்த வருஷம் புதிதாக ஒருவன் சேர்ந்திருந்தான். பிரவீன், என் கணவருடைய ஆபீஸ். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, நாகர்கோவில் பையன். ஜெரால்டின் காரில் வந்தான். ஆக எங்கள் வீட்டில் மூன்று, குமார் வீட்டில் நான்கு, ஜெரால்டு வீட்டில் மூன்று, பிரவீன் ஒன்று. பெஞ்சுக்கடியில் பதினோரு ஜோடி. அதில் பிரவீனுடையது சாம்பல் நிற ஷூ, ஒரு லேஸ் வெள்ளை, இன்னொன்று நீலம்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு வந்தான். ஆன்ட்டி தன்னுடைய பழுப்புக் கம்பளிக் கையுறையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு கையில் கறுப்பு, ஒரு கையில் பழுப்பு, மஞ்சள் ஜாக்கெட். ஜெரால்டிடம், திரும்பும்போது குமார் அண்ணன் வேனில் வருகிறேன், அதில் நீட்டிப் படுத்துத் தூங்கலாம் என்று சொல்லியிருக்கிறான். குமாரிடம் சொல்லவில்லை. அப்புறம் தனியாக மேலே போய்விட்டான்.

இரண்டு மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. மூன்று மணிக்கு எதிரே இருக்கும் லிஃப்ட் கம்பமே தெரியவில்லை. சாயங்காலம் கணவாய்ச் சாலையை மூடினாலும் மூடுவார்கள், கிளம்புகிறவர்கள் டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிளம்புங்கள் என்று அறிவித்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை, எனக்குக் காலையில் ஒரு பிரசன்டேஷன் இருந்தது. அரக்கப்பரக்க வாடகைச் சாமானைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகளுக்கு ஷூ மாட்டி, பைகளைத் தூக்கினோம். மணி நான்கு இருக்கும்.

ஆன்ட்டி எழுந்திருக்கவில்லை. ஒரு ஜோடி இருக்கிறது என்றார்.

பிரவீன் உன் வேனில்தானே என்று ஜெரால்டு கேட்க, உன் காரில்தானே என்று குமார் கேட்டான். போன் போட்டால் நேராக வாய்ஸ் மெயிலுக்குப் போனது. குளிரில் போன் அணைந்துபோவது அங்கே சகஜம். குமார் முகத்தில் அந்தப் பழைய மைக் ஞாபகம் அப்படியே எழுதியிருந்தது. பார்க்கிங்கில்தான் நிற்பான், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். வாடகைக் கடையில் அவனைப் பார்த்தேன் என்றேன். நான் பார்த்தது கூட்டத்தில் ஒரு மஞ்சள் ஜாக்கெட்டின் முதுகு. அந்த மலையில் மஞ்சள் ஜாக்கெட்டுக்கா பஞ்சம்? ஆனாலும் பார்த்தேன் என்றுதான் சொன்னேன், நல்ல திடமான குரலில்.

ஆன்ட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். "செருப்பு இங்கயே கெடக்குதே கண்ணு. பனீல வெறுங்கால்லயா போயிருப்பான்?"

வேறு ஷூ வைத்திருப்பான், காரில் மாற்றியிருப்பான், எத்தனையோ காரணம் சொன்னேன். அவர் அந்த ஷூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போயிற்று.

"இது உங்க டேகேர் இல்ல ஆன்ட்டி. அவனுக்கு இருபத்தாறு வயசு. ரோட்டை மூடிட்டா பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு நாங்க எங்க போறது?"

பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. குனிந்து அந்த ஷூ இரண்டையும் எடுத்துக்கொண்டு, முதல் தடவையாகப் பனிக்குள் இறங்கி, எதிரே இருந்த மீட்புக்குழு அறையை நோக்கி நடந்தார். விழுந்துவிடப் போகிறாரே என்று என் கணவர் பின்னால் ஓடினார். நானும் போனேன். கோபத்தோடுதான் போனேன்.

உள்ளே சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். ஆன்ட்டி ஷூக்களை அவருடைய மேஜைமேல் வைத்தார். "ஒன் மேன் நோ கம்" என்றார். "ஹிஸ் ஷூ."

ஷூ என்று அவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. மேலே சரிவுகளை எல்லாம் பார்த்துவிட்டோமே என்றார். ஆனாலும் பெயர் கேட்டார். ஆன்ட்டி முழுப் பெயரையும் சொன்னார், அப்பா பெயரோடு. எவ்வளவு உயரம் என்று கையால் காட்டினார். மஞ்சள் ஜாக்கெட், கறுப்பு பேண்ட், வலது கையில் கறுப்பு, இடது கையில் பழுப்பு. தன்னிடம் மிச்சமிருந்த இன்னொரு பழுப்புக் கையுறையை எடுத்து, இதே மாதிரி என்று மேஜைமேல் வைத்தார். கூட வேலை பார்க்கும் என் கணவருக்கு அவனுடைய அப்பா பெயர் தெரியாது. சாப்பிட்ட பத்து நிமிஷத்தில் இவர் அவ்வளவும் கேட்டு வைத்திருந்தார்.

கம்ப்யூட்டரில் அவனுடைய லிஃப்ட் பாஸைப் பார்த்தார்கள். கடைசியாக லிஃப்ட் ஏறியது இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. சிவப்பு ஜாக்கெட்காரர் வாக்கிடாக்கியை எடுத்தார். நான் பார்த்தேன் என்று சொன்னேனே. இவர்கள் என் பேச்சைக் கேட்டுக் கிளம்பியிருந்தால்?

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. பிள்ளைகள் கஃபட்டீரியாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜெரால்டின் மனைவி ஜெபமாலையை எடுத்துவிட்டாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வாக்கிடாக்கியில் ஏதாவது கரகரத்தால் எல்லோரும் ஒன்றாகத் திரும்புவோம். ஆன்ட்டி அந்த அறையிலேயே ஓரமாக உட்கார்ந்திருந்தார், ஷூவை மடியில் வைத்துக்கொண்டு. நான் பக்கத்தில் போகவில்லை. மன்னிப்புக் கேட்க அது நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்கு அவனைக் கண்டுபிடித்தார்கள். பாதையை விட்டு மரங்களுக்குள் போயிருக்கிறான். பெரிய ஊசியிலை மரத்தடியில் கிளைகளுக்குக் கீழே பனி பொய்யாக, பொலபொலவென்று இருக்குமாம். அந்தக் குழிக்குள் நெஞ்சுவரை இறங்கிவிட்டான். ஒரு கால் ஸ்கீயோடு முறுக்கிக்கொண்டது. போன் அணைந்துவிட்டது. கத்திக் கத்திக் குரலும் போய்விட்டது. மேலே பனி விழுந்து மூடிக்கொண்டே இருந்திருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் பழுப்பாக ஏதோ அசைந்ததைப் பார்த்துத்தான் போனார்களாம். விடிந்து தேடியிருந்தால் உடம்பைத்தான் எடுத்திருப்போம் என்று அந்த சிவப்பு ஜாக்கெட்காரர் என் கணவரிடம் சொன்னார்.

கட்டி இழுத்துவரும் வண்டியில் அவனைக் கொண்டுவந்து முதலுதவி அறைக்குள் வைத்தார்கள். பல் கிட்டியிருந்தது, ஆனால் பேசினான். கால் உடைந்திருக்கிறது, ஆம்புலன்சில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். சாலையை இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடுகிறோம், போகிறவர்கள் இப்போதே போங்கள் என்று போலீஸ்காரர் ஒருவர் வந்து அவசரப்படுத்தினார். ஆண்கள் மூவரும் நின்றபடியே பேசி முடித்தார்கள். பிள்ளைகளை வீட்டில் சேர்த்துவிட்டு நாளைக் காலையில் ஜெரால்டு திரும்பி வருவது.

பார்க்கிங்கில் பனி முகத்தில் அறைந்தது. மகளைக் காருக்குள் திணித்து, நானும் ஏறி, கதவைச் சாத்தினேன். ஆன்ட்டி எங்கே என்று என் கணவர் கேட்டார்.

நான் அப்படிப் பேசிய பிறகு எங்கள் காரில் ஏற அவருக்கு எப்படி மனசு வரும்? எனக்கும் ஐந்து மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. பின்கண்ணாடி வழியாகக் குமாரின் வேனில் கறுப்பாக ஒரு ஜாக்கெட் தெரிந்தது.

"குமார் வேன்ல ஏறிட்டாங்க" என்றேன். "பாத்தேன்."

மூன்று கார்களும் சங்கிலி கடகடக்க ஊர்ந்து இறங்கின. எங்களுக்குப் பின்னால் கணவாயை மூடிவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

எட்டு மணிக்கு வழியில் ஆபர்னில் பெட்ரோல் போட நின்றோம். பிள்ளைகளுக்குப் பசி. மிச்சமிருந்த தயிர்சாதத்தை எடுக்கலாம் என்று குமாரின் மனைவி வேனின் பின்கதவைத் திறந்தாள். சாப்பாட்டுப் பை இல்லை. உங்கள் காரிலா என்று என்னைக் கேட்டாள். இல்லை. ஜெரால்டு தன் காரைத் திறந்து பார்த்தான். என் மகள் மூன்று காருக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, வேர் இஸ் ஆன்ட்டி?"

குமார் என்னைப் பார்த்தான், நான் ஜெரால்டைப் பார்த்தேன். வேனில் நான் பார்த்த கறுப்பு ஜாக்கெட் குமாரின் மூத்த பெண்.

அவருடைய போனுக்கு அடித்தேன். அது எங்கள் காரின் பின்கதவுப் பையிலேயே அடித்தது. காலையில் வைத்தது.

மலைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். எங்களோடு வந்த ஒருவரை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்றேன். சரி, பெயர் சொல்லுங்கள் என்றாள்.

என் போனில் அவர் 'டேகேர் ஆன்ட்டி'. என் கணவர் போனிலும் அதேதான். நான் குமாரின் மனைவியைப் பார்த்தேன், அவள் ஜெரால்டின் மனைவியைப் பார்த்தாள். ஏழு வருஷம் என் பிள்ளைக்குச் சோறூட்டியவர். அவருடைய பெயர் அந்த பெட்ரோல் பங்கில் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் ஜெரால்டோடு நானும் போனபோது, அவர் ஜாக்கெட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில்தான் அதை முதன்முதலில் படித்தேன். பிரசன்டேஷன் நாசமாய்ப் போகட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருந்தேன். அதற்கடுத்த வருஷம் அவர் டேகேரை மூடிவிட்டு மகனிடம் போய்விட்டார். அப்புறம் நாங்கள் யாரும் அந்த மலைக்குப் போகவில்லை.

அன்றிரவு போனில் அந்தப் பெண் காத்திருந்தாள். வயதானவர், இந்தியர், கறுப்பு ஜாக்கெட் என்று திக்கினேன்.

"ஓ, அந்த ஷூ வைத்திருந்த அம்மாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பையனோடு ஆம்புலன்சில் போய்விட்டார் என்றாள். அவனுக்கு யார் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, நான் ஆன்ட்டி என்று சொல்லி ஏறிக்கொண்டாராம்.

ஆஸ்பத்திரி நம்பரைப் பிடித்து, இரண்டு மூன்று பேர் கைமாறி, கடைசியில் அவர் குரல் வந்தது. அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"கண்ணு, முட்டிக்குக் கீழ எலும்பு ஒடஞ்சிருக்குதாம். வேற ஒண்ணுமில்ல. தயிர்சாதம் ரெண்டு வாய் சாப்பிட்டான். நீங்க கீழ எறங்கிட்டீங்களா?"

"எறங்கிட்டோம் ஆன்ட்டி."

"எத்தன ஜோடி இருக்குதுன்னு பாரு."

குனிந்து பார்த்தேன். ஈரத் தரையில், பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில், எல்லோரும் என்னைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள். ஜெரால்டின் சின்னப் பையனிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஜோடியாக எண்ணினேன்.

"பத்து ஆன்ட்டி."

"இங்க ஒண்ணு என்ற மடியில இருக்குது. பதினொண்ணு. சரியாப் போச்சு" என்று போனை வைத்துவிட்டார்.

நாங்கள் போனது பன்னிரண்டு பேர்.